முதலில் மாடல், பிறகு ஸ்க்ரூடிரைவர்

சர்வீஸ் மேசைக்கு ஒரு ஐபாட் வருகிறது. வெள்ளை முகம், பளபளக்கும் எஃகு முதுகு. திரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வரிசையாக நான்கு வட்டப் பொத்தான்கள். "யூ.எஸ்.பி.ல போட்டா சார்ஜே ஏறல தம்பி, பேட்டரிய மாத்திக் குடுத்துடுங்க" என்கிறார் கொண்டுவந்தவர். அவசரக்காரர் உடனே பிரிப்பார், பேட்டரி வரவழைப்பார், மாற்றுவார். அப்புறமும் சார்ஜ் ஏறாது. ஏறவே ஏறாது. 2003-இல் வந்த அந்த மூன்றாம் தலைமுறை ஐபாட் யூ.எஸ்.பி. வழியே பாட்டை வாங்கிக்கொள்ளும், மின்சாரத்தை வாங்காது. அதற்குச் சார்ஜ் ஃபயர்வயர் வழியாக மட்டும்தான். தேவைப்பட்டது ஒரு பழைய ஃபயர்வயர் சார்ஜரும் கேபிளும். செலவானது பேட்டரியும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும்.

கையடக்கப் பாட்டுப்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் கூலி பாதி அடையாளம் காண்பதற்குத்தான். மேசை மேல் இருப்பது எது, எந்த ஆண்டு, எந்தத் தலைமுறை என்று அடித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மீதிப் பாதி வழிக்கு வந்துவிடும்.

ஏன் இப்போது இதைக் கற்க வேண்டும்? ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பை சோனி 2010-இல் நிறுத்தியது. ஐபாட் வரிசையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. பொருள் வருவது நின்றுபோனது, வைத்திருப்பவர்கள் நிற்கவில்லை. அப்பா வாங்கி வந்த வாக்மேன், கல்லூரிக் காலத்து ஐபாட், யாரோ பாடிப் பதிந்த கேசட் என்று அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செல்போன் கடைகள் "பார்ட்ஸ் வராது சார்" என்று திருப்பி அனுப்புகின்றன. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்தவர், செல்போன் சர்வீஸில் கை பழகியவர் யாராக இருந்தாலும் இதை இரண்டாவது வரும்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சோல்டரிங் கை ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது பொறுமையும் மாடல் அறிவும்.

கேள்வியில் தொடங்குங்கள்

பொருளைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது பாடியது? திடீரென நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாக மோசமானதா? தண்ணீர் பட்டதா, கீழே விழுந்ததா? இதற்கு முன் யாராவது திறந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். திருகாணித் தலைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், உண்மை அங்கே தெரியும்.

அடுத்தது, பழுதே இல்லாத பழுதுகளைக் கழிப்பது. ஐபாடின் தலையில் ஹோல்டு ஸ்விட்ச் இருக்கும். அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள். எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. "டெட்" என்று வரும் பெட்டிகளை முதலில் இந்த ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்குள் எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஐபாடைச் சார்ஜரில் போட்டதும் திரை விழிக்காது. அரை மணி நேரமாவது விட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மென்பொருளும் ஏமாற்றும். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி 'ஜூன்' (Zune) பாட்டுப்பெட்டிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் உறைந்து நின்றன. அது லீப் ஆண்டு. ஆண்டின் 366-ஆம் நாளைக் கையாளத் தெரியாமல் உள்ளிருந்த கடிகார நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மருந்து என்ன? பேட்டரி முழுவதும் தீரட்டும், மறுநாள் திரும்பச் சார்ஜ் போடுங்கள் என்பதுதான். அன்று ஸ்க்ரூடிரைவர் எடுத்தவர்கள் நல்ல பெட்டியைப் பிரித்தவர்கள்.

ஐபாடின் ஜாதகம்

அச்சிட்ட எண்தான் முதல் சாட்சி. ஐபாடின் முதுகில் பொடி எழுத்தில் ஏ என்று தொடங்கி நான்கு இலக்கம் இருக்கும். ஏ1040 என்றால் மேலே சொன்ன மூன்றாம் தலைமுறை. ஏ1051 மினி. ஏ1136 வீடியோ ஓடும் ஐந்தாம் தலைமுறை. ஏ1238 கிளாசிக். ஏ1137 முதல் நானோ.

ஆனால் இந்த எண் போதாது. ஏ1136 என்ற ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன: 2005 அக்டோபரில் வந்தது ஒன்று, 2006 செப்டம்பரில் மெருகேற்றி வந்து 5.5 என்று பேர் வாங்கியது இன்னொன்று. பார்வைக்கு இரட்டையர். 60 ஜிபி என்றால் முந்தையது, 80 ஜிபி என்றால் பிந்தையது. 30 ஜிபி இரண்டிலும் உண்டு, குழப்பம் அங்கேதான். பாட்டு மெனுவில் தேடும் வசதி இருந்தால் 5.5. அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்தால் மாடல் எண் இன்னும் துல்லியமாகச் சொல்லும். கறுப்பு 30 ஜிபியில் எம்ஏ146 பழையது, எம்ஏ446 புதியது.

பெட்டி விழித்தெழாத நிலையில் 'அபவுட்' பக்கத்துக்கு வழியில்லை. அப்போது முதுகில் உள்ள வரிசை எண்ணைப் படியுங்கள். அந்தக் காலத்துப் பதினொரு எழுத்து வரிசை எண்ணில் மூன்றாவது எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம். நான்காவதும் ஐந்தாவதும் தயாரான வாரம். மூன்றாவதிலிருந்து 732 என்று வந்தால் 2007-இன் 32-ஆவது வாரம். கடைசி மூன்று எழுத்து, மாடலையும் கொள்ளளவையும் சொல்லும் குறி.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதுகுத் தகடு மாற்றப்பட்டிருக்கலாம். கீறல் விழுந்த எஃகுத் தகட்டைக் கழற்றிப் புதிதாகப் போடுவது சந்தையில் சகஜம். 80 என்று பொறித்திருக்கும், உள்ளே 30 இருக்கும். அதனால் தகட்டில் உள்ள வரிசை எண்ணையும் திரையில் வரும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டையும் ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாடிக்கையாளருக்கு அப்போதே, திறப்பதற்கு முன்பே, சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் மாற்றியது நீங்கள்தான் என்றாகிவிடும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பாகங்கள் அப்படிப் பிரிந்துகிடக்கின்றன. ஐந்தாம் தலைமுறையில் 30 ஜிபி மெல்லியது, 11 மில்லிமீட்டர். 60 ஜிபி தடித்தது, 14 மில்லிமீட்டர். தடித்த பெட்டிக்கான பேட்டரி மெல்லியதில் அடங்காது. 30 ஜிபியில் நினைவகம் 32 எம்பி, மற்றவற்றில் 64 எம்பி. பெரிய மெமரி கார்டு போட்டு ஆயிரக்கணக்கில் பாட்டு நிரப்ப ஆசைப்படுபவருக்கு இந்த வித்தியாசம் மென்பொருள் திணறும்போது தெரியும். 2007, 2008 ஆண்டுக் கிளாசிக்குகளில் ஆப்பிளின் மென்பொருளோடு 128 ஜிபிக்கு மேல் எடுபடாது. 2009-இன் 160 ஜிபி மாடலில் அந்தத் தடை இல்லை. ஐந்தாம் தலைமுறையில் ஒலியைத் தருவது வுல்ஃப்சன் சிப், கிளாசிக்கில் சிரஸ் லாஜிக் சிப். எது இனிமை என்ற வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். கேட்பவரிடம் உள்ளே இருப்பது எது என்று தப்பில்லாமல் சொன்னால் போதும். அதைக் கேட்டு வருகிறவர் இன்னும் பத்துப் பேரை அனுப்புவார்.

பாட்டைக் காப்பாற்றிவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள்

'ரீஸ்டோர்' பொத்தானை அழுத்தும் முன் ஒரே கேள்வி: "இதுல இருக்கறது வேற எங்கயாவது இருக்கா?" இல்லை என்றால் நகல் எடுப்பதுதான் முதல் வேலை. மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள், சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடியுங்கள். டிஸ்க் நிலைக்குப் போகும். கணினியில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்', அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக. கோப்புகளின் பெயர் நான்கெழுத்துக் குப்பையாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. மொத்தமாக நகலெடுத்தால் போதும்.

மேக் கணினியில் வளர்ந்த ஐபாடை விண்டோஸ் கணினியில் செருகினால் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த ஃபார்மேட்டை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'சரி' என்று தட்டினால் ஒருவரின் இருபது வருடச் சேகரிப்பு போய்விடும். 'வேண்டாம்' சொல்லிவிட்டு மேக் கணினி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

டிக் டிக் சத்தமும், சோக முகச் சின்னமும், ஆச்சரியக்குறி போட்ட ஃபோல்டரும் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகிக்கச் சொல்கின்றன. சந்தேகத்தை எண்ணாக மாற்ற வழி உண்டு. ஐந்தாம் தலைமுறையிலும் கிளாசிக்கிலும் ரீசெட் செய்து ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பின்னோக்கிச் செல்லும் பொத்தானையும் பிடித்தால் பரிசோதனை மெனு திறக்கும். அதில் ஹார்டு டிரைவ் பிரிவின் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். 'ரீஅலாக்ஸ்', 'பெண்டிங் செக்டர்ஸ்' இரண்டும் பூஜ்யமாகவோ அதற்கு அருகிலோ இருந்தால் டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள், ரிப்பன் கேபிளைப் பாருங்கள். எண் ஏறிக்கிடந்தால் டிஸ்க்குக்கு நாள் நெருங்கிவிட்டது. அந்த எண்களை வாடிக்கையாளருக்குக் காட்டியே பேசுங்கள். "மாத்தணும் சார்" என்று வாயால் சொல்வதைவிடத் திரையில் உள்ள எண் நம்ப வைக்கும்.

டிஸ்க் போய்விட்டால் எஸ்.டி. கார்டு ஏற்கும் அடாப்டர் போர்டு வைத்துக் கட்டிவிடலாம். எடை குறையும், அதிர்ச்சி தாங்கும், பேட்டரியும் நீண்டு வரும். ஐபாட் மினியில் வேலை இன்னும் சுலபம். அதன் மைக்ரோடிரைவும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் ஒரே வடிவம், ஒரே இணைப்பு. எடுத்த இடத்தில் கார்டைச் செருகினால் முடிந்தது. கற்றுக்கொள்பவர் மினியில் தொடங்குவது நல்லது என்பேன். ஆனால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்கிக் கார்டு போடச் சொல்லி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது. அது பழுதுபார்ப்பு ஆகாது, விற்பனை.

திறக்கும்போது உலோகக் கத்தி வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு போதும். ஐந்தாம் தலைமுறையின் முகம் பிளாஸ்டிக், கொஞ்சம் இடம் கொடுக்கும். கிளாசிக்கின் முகம் உலோகம், ஓரம் வளைந்தால் வளைந்ததுதான். கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபட்டதும் புத்தகம் போல அகல விரிக்காதீர்கள். முதுகுத் தகட்டிலிருந்து பேட்டரியின் ரிப்பனும் ஹெட்போன் ஜாக்கின் ரிப்பனும் போர்டுக்குப் போகின்றன. அவற்றின் நீளம் ஒரு விரல் அகலத்துக்குத்தான் விட்டுக்கொடுக்கும். கனெக்டரின் பூட்டை நகத்தால் தூக்கிவிட்டு ரிப்பனை நேராக உருவ வேண்டும். பூட்டோடு சேர்த்து இழுத்தவர்கள் போர்டையே மாற்ற நேர்ந்திருக்கிறது.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, சார்ஜில் போட்டுப் பார்க்கவும் கூடாது. முதல் தலைமுறை நானோ வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பேட்டரி சூடேறும் குறைக்காக 2011 நவம்பரில் ஆப்பிளே அதைத் திரும்பக் கேட்டது. பழைய பேட்டரி உள்ளே இருக்கும் முதல் நானோவை மேசையில் சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கழற்றிய பேட்டரிகள் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

வாக்மேன்: காதால் கண்டுபிடிக்கும் பழுது

1979 ஜூலையில் ஜப்பானில் வந்த முதல் வாக்மேன், டிபிஎஸ்-எல்2, நீலமும் வெள்ளியுமாக இருக்கும். தலையில் இரண்டு ஹெட்போன் ஜாக், ஒரு ஆரஞ்சு பொத்தான். அது உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் கையைக் கழுவுங்கள், சேகரிப்பாளர்கள் அதற்குக் கொடுக்கும் விலை அப்படி. கற்றுக்கொள்ள அது வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும், பெல்ட் ஓட்டமுள்ள மலிவு மாடலில் பழகுங்கள்.

திருகாணிகள் கூட்டல் குறி போலத்தான் இருக்கும். ஆனால் ஜப்பானியத் தரத்தில் செய்தவை. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது, வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜே.ஐ.எஸ். முனை கொண்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் இரண்டு வாங்குங்கள், இந்தத் தொழிலில் முதல் முதலீடு அதுதான். அடுத்தது கரன்ட் காட்டும் டி.சி. பவர் சப்ளை. வோல்ட்டை மாடலுக்கு ஏற்ப வையுங்கள். செருகும் முன் சாக்கெட்டின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் துருவக் குறியைப் பாருங்கள்; நடுமுனை நெகட்டிவாக உள்ள பெட்டிகள் உண்டு. பிளே அழுத்தியதும் மீட்டர் அசையவே இல்லையென்றால் தொடுமுனை, ஸ்விட்ச், ஒயர் என்று தேடுங்கள். ஏகமாக இழுத்தால் எங்கோ இறுகிப்போயிருக்கிறது.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். அரிப்பு ஒயரின் உறைக்குள்ளும் ஏறியிருக்கும், வெளியே தெரியாது. மல்டிமீட்டரில் கண்டினியூட்டி பார்க்காமல் அந்த ஒயரை நம்பாதீர்கள்.

மோட்டார் முனகுகிறது, கேசட் சுற்றவில்லை என்றால் பெல்ட். பழைய ரப்பர் பெல்ட்டுகளில் சில தளர்ந்துபோகும், சில தாராக உருகிப் புல்லியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தார் விரல், சட்டை, மேசை எதையும் விடாது. ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் புல்லியின் பள்ளம் பளிச்சென்று தெரியும்வரை துடைக்க வேண்டும். துளி மிஞ்சினாலும் புது பெல்ட் ஒரே இடத்தில் தடுக்கும், பாட்டு தள்ளாடும். பெல்ட்டின் அளவைப் பழையதை வைத்து எடுக்காதீர்கள், அது நீண்டுபோனது. நூலைப் புல்லிகளைச் சுற்றி ஓட்டி அளந்து, அதைவிடச் சிறிது குறைவான சுற்றளவில் வாங்குங்கள்.

கேசட்டின் நாடா உருவிச் சிக்குகிறது என்றால் பலர் ஹெட்டைக் குறை சொல்வார்கள். காரணம் வேறு. கேப்ஸ்டன் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைச் சுற்றிக்கொள்ள வேண்டிய ரீல் நின்றுவிட்டது. அந்த ரீலை ஓட்டும் கிளட்சையும் பெல்ட்டையும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் என்று சீராகக் கேட்டால் பல் சக்கரத்தில் விரிசல். சோனியின் டிடி வரிசையில் நடுப் பல்சக்கரம் விரிவது பேர்போன குறை. மாடல் பெயரில் டிடி என்று பார்த்ததுமே உங்கள் காது அதைத் தேட வேண்டும். எல்லாம் ஓடியும் ஒலி மட்டும் மங்கலாக, ஒரு பக்கம் மட்டும் என்றால் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையா, போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களுக்கு வாருங்கள். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கக் காலத்துப் பரப்பில் ஒட்டும் வகைக் கெப்பாசிட்டர்கள் கசியும். அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடித்தால் கசிந்தது உறுதி.

கடைசியாக வேகம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, அதிர்வெண் காட்டும் மென்பொருளில் பார்த்துக்கொண்டே வேகத் திருகை நூலிழை நூலிழையாகத் திருப்புங்கள். காதால் வைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வேகம் ஆறு விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்; ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார். சினிமாப் பாட்டுக் கேட்பவர் கவனிக்காமல் போகலாம். கச்சேரிக் கேசட்டோடு தம்புரா வைத்துப் பாடிப் பழகுகிறவர் அன்றைக்கே திரும்பி வருவார். சுருதியைக் கவனிக்கும் வாடிக்கையாளர் என்று தெரிந்தால், சரிசெய்தபின் வந்த எண்ணைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட கேசட் மட்டும் சுருதி தப்பினால், அதைப் பதிந்த கருவியின் வேகம் அன்று தப்பியிருக்கலாம். அதற்காக வாக்மேனின் திருகைக் கலைக்காதீர்கள்.

கூலியும் கணக்கும்

பரிசோதனைக் கட்டணத்தைத் தனியாக வையுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். அடையாளம் காண்பதும் குறை கண்டுபிடிப்பதும் உழைப்பு. இதை இலவசமாகக் கொடுத்தால், பேட்டரி மாற்றினால்தான் காசு என்ற நிலை வரும். அந்த நிலை நல்ல பேட்டரியையும் மாற்ற வைக்கும். மூன்றாம் தலைமுறை ஐபாட்காரருக்கு ஃபயர்வயர் சார்ஜரைக் காட்டி அனுப்பும்போது வாங்கும் அந்தச் சிறு தொகை நியாயமான காசு.

ஒரே குடும்பத்தில் ஆழம் போங்கள். எல்லா நிறுவனத்துப் பெட்டியையும் எடுத்துக்கொள்பவரைவிட, ஐந்தாம் தலைமுறையும் கிளாசிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பவருக்குத்தான் வேலை தேடி வரும். செத்த பெட்டிகளை விலைக்கு வாங்கிச் சேருங்கள். சென்னை ரிச்சி தெருவில் சின்னத் திருகாணி முதல் கெப்பாசிட்டர் வரை கிடைக்கலாம். குறிப்பிட்ட ஹோல்டு ஸ்விட்சோ சக்கரத்தின் ரிப்பனோ இன்னொரு ஐபாடின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் பெட்டியிலிருந்து எது எடுத்தது என்று டப்பா மேல் எழுதுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு படியையும் போனில் படமெடுங்கள். திருகாணிகளைப் படத்தில் உள்ள இடத்தின்படியே காந்தத் தட்டில் வையுங்கள், நீளம் மாறிப்போட்டால் திரையைக் குத்தும்.

ஒப்படைக்கும் முன் அரை மணி நேரம் பாடவிடுங்கள். கேசட் என்றால் இரண்டு பக்கமும், ஐபாட் என்றால் அசைத்துப் பார்த்தும். ஹெட்போன் பின்னை மெதுவாகச் சுழற்றுங்கள், இடது வலது இரண்டும் விடாமல் வருகிறதா என்று கேளுங்கள். எடுத்த பழைய பெல்ட்டையும் டிஸ்க்கையும் கவரில் போட்டு வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். உத்தரவாதம் நீங்கள் மாற்றிய பாகத்துக்கு மட்டும், எத்தனை நாள் என்று பில்லில் இருக்கட்டும்.